மெஸ் அட்வான்ஸும் வாசலில் தொங்கும் புலி பேனரும்: நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

டாவோ, பிலிப்பைன்ஸ், ஏப்ரல் 2021

இங்கே படிக்க வந்து நம் மெஸ்ஸில் சாப்பிட்ட அன்புள்ள தம்பி தங்கைகளுக்கும், ஊரில் இருக்கும் பெற்றோருக்கும்,

வணக்கம். எல்லோரும் நலம்தானே? இங்கே காலை 8 மணிக்குத் தொடங்கும் ஆன்லைன் வகுப்புக்கு நீங்கள் அங்கே 5.30-க்கே எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அந்த நேரத்தில் ஒரு டீகூடப் போட்டுக் கொடுக்க முடியவில்லையே என்று இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாற்பது நொடி வீடியோ ஒன்று பத்து நாளாக வாட்ஸ்அப் குரூப்புகளில் சுற்றுகிறது. நம் மெஸ் வாசலில் ஒரு புலி பேனர், நீள பெஞ்சில் இருபது பேர் பிரியாணி சாப்பிடுகிறார்கள், நான் கை தட்டிக்கொண்டு நிற்கிறேன். கீழே, ‘நம்ம அட்வான்ஸ் எங்கே போகுது பாருங்க, அண்ணன் பாஸ்கெட்பால் டீமுக்கு ஸ்பான்சர் ஆகிட்டார்’ என்று எழுதியிருக்கிறது. ஒரு தம்பியின் அப்பா விருதுநகரில் இருக்கும் என் அம்மாவுக்கே போன் செய்து கேட்டுவிட்டார். பதினோரு வருடமாக இந்தத் தெருவில் அடுப்பு எரிகிறது. சோற்றுக் காசில் கை வைத்தவன் என்று யாரும் இதுவரை என்னைச் சொன்னதில்லை.

நான் யாருக்கும் ஸ்பான்சர் இல்லை. பேனரில் இருக்கும் டாவோ ஆக்சிடென்டல் டைகர்ஸ் டீமுக்குப் பின்னால் இருப்பது கோகோலைஃப் என்ற காப்பீட்டு நிறுவனம். முப்பது இலை போடும் மெஸ்காரனிடம் அவர்கள் கை நீட்ட வேண்டிய அவசியமே இல்லை. அந்தப் பேனரைத் தெருப் பையன்கள் காசு போட்டு அடித்தார்கள். இந்த ஊரில் பிறந்தநாளுக்கும் பட்டமளிப்புக்கும்கூட தார்ப்பாலின் பேனர் அடிப்பது உங்களுக்கே தெரியும். நம் சுவர்தான் தெருமுனையைப் பார்த்து இருக்கிறது, அதில் கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டார்கள். கட்டிக்கொள்ளுங்கள் என்றேன். நான் கொடுத்தது சுவர் மட்டும்தான்.

பிரியாணிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து கிலோ அரிசி, நான்கு கோழி, மசாலா, எண்ணெய், கேஸ் எல்லாம் சேர்த்து 2,350 பெசோ. அதில் 900 பெசோ தெருக்காரர்கள் போட்டது. மீதி என் சொந்தப் பணம். அட்வான்ஸ் நோட்டு தனி, அதில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே தொகை அப்படியே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் கேளுங்கள், பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

‘அது டாவோ நகரத்து டீம்கூட இல்லையே, இவருக்கு என்ன வந்தது?’ என்று ஒரு தங்கை கேட்டிருந்தது. நியாயமான கேள்வி. டாவோ ஆக்சிடென்டல் நமக்குத் தெற்கே இருக்கும் தனி மாகாணம். 2013-இல்தான் டாவோ டெல் சுர் மாகாணத்திலிருந்து பிரிந்தது. மொத்தமே ஐந்து நகராட்சிகள், தலைநகர் மாலிதா. இவ்வளவு சின்ன மாகாணத்தின் பெயரில் ஒரு டீம் நாடு முழுக்கத் தெரிகிறது என்றால் அது சாதாரண விஷயமில்லை. பிபிஏ என்ற இந்நாட்டின் பெரிய பாஸ்கெட்பால் லீகில் சான் மிகேல், ஹினேப்ரா என்று கம்பெனிகளின் பெயரில்தான் டீம்கள் இருக்கும். ஜெனரல் சாண்டோஸில் வளர்ந்த குத்துச்சண்டை வீரர் மேனி பாக்கியாவ் தொடங்கிய எம்பிபிஎல் லீகில்தான் டைகர்ஸ் ஆடுகிறது, அதில் ஊர் பெயரிலும் மாகாணப் பெயரிலும் ஆடுகிறார்கள். 2018-இல் பத்து டீமோடு தொடங்கி, மூன்றாவது சீசனில் 31 டீம் ஆகிவிட்டது. மணிலாவையே பார்த்துக்கொண்டிருந்த ஆட்டத்தில் தெற்கே நம் மின்டனாவோ தீவுக்காரர்களுக்கும் கத்துவதற்கு ஒரு பெயர் கிடைத்தது.

நம் சமையல்கட்டில் இருக்கிறாரே, நீங்கள் ‘ஆத்தே’ (இந்த ஊர் மொழியில் அக்கா) என்று கூப்பிடும் அக்கா, அவருக்குச் சொந்த ஊர் மாலிதா. நம் உதவிப் பையன்கள் இரண்டு பேரும் அதே ஊர்தான். டைகர்ஸ் இங்கே டாவோ நகரத்து அரங்கில் ஆட வந்த நாட்களில் அக்கா அன்றைக்கு மட்டும் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பட்டுமா என்று கேட்பார். வேறு எதற்கும் லீவு கேட்டு நான் பார்த்ததில்லை.

2019 இறுதிச்சுற்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சான் ஹுவான் நைட்ஸ் எதிரே. ஐந்து ஆட்டத் தொடர் ஐந்தாவது ஆட்டம் வரை போனது.  இங்கே அக்கா அரிசி மூட்டையில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு கிரைண்டரில் மாவு தள்ளிக்கொண்டிருந்தார். 3-2 என்று தொடர் கைவிட்டுப் போனது. அக்கா போனைக் கவிழ்த்து வைத்தார், மாவை வழித்தார், உப்புப் போட்டுக் கரைத்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலை இட்லி வழக்கம்போல ஆறு மணிக்கு வந்தது. அன்று சாப்பிட்ட உங்களில் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

அடுத்த சீசனில் பசிலான் டீமோடு தெற்குப் பிரிவு இறுதி 1-1 என்று நிற்கும்போது 2020 மார்ச்சில் கொரோனாவால் எல்லாம் நின்றது. நீங்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்த மாதிரி பெட்டியைக் கட்டிக்கொண்டு ஏர்போர்ட்டுக்கு ஓடியதும் அதே மார்ச்தான். போக முடியாமல் இங்கேயே மாட்டிக்கொண்ட பதினாறு பேருக்கு மட்டும் அடுப்பை அணைக்காமல் வைத்திருந்தோம். அவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஏப்ரலில் ஊரடங்கு வந்து, எஃப்எம் பாஸ் (உணவும் மருந்தும் வாங்க வெளியே போகும் அனுமதிச் சீட்டு) இல்லாமல் கடைக்குப் போக முடியாது என்று ஆனபோது பங்கரோஹான் மார்க்கெட்டில் வரிசையில் நின்றது அந்த அக்கா. வெங்காயமும் முட்டையும் சுமந்துகொண்டு, வண்டி கிடைக்காமல் நடந்தே வந்த நாட்களும் உண்டு. மூன்று மாதம் பாதிச் சம்பளம்தான் கொடுக்க முடிந்தது, வாங்கிக்கொண்டார். பக்கத்துத் தெரு மோட்டார்சைக்கிள் பையன்கள் விடுதி விடுதியாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்தார்கள், பெட்ரோலுக்கு மேல் ஒரு பெசோ கேட்கவில்லை.

அப்படி ஒரு வருடம் காத்திருந்து, இந்த வருடம் மார்ச்சில் சூபிக்கில், பார்வையாளர் ஒருவர்கூட இல்லாத அரங்கில், நின்றுபோன ஆட்டங்களை நடத்தி முடித்தார்கள். இறுதியில் மறுபடியும் அதே சான் ஹுவான். இந்தத் தடவை 3-1 என்று டைகர்ஸ் கோப்பையை எடுத்தது. பயிற்சியாளர் டான் டுலாய், பிபிஏவில் ஆடிய அனுபவசாலி மார்க் யீ எல்லாம் இங்கே சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த பெயர்கள். கடைசி விசில் அடித்ததும் அக்கா முந்தானை மாதிரி ஏப்ரனை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். அன்று ராத்திரி வந்தவர்கள் எல்லோரும் போன வருடம் உங்களுக்குச் சோறு சுமந்தவர்கள். அவர்களுக்கு ஒரு தட்டு பிரியாணி போட்டேன். வீடியோவில் பெஞ்சின் ஓரத்தில் சிவப்பு பனியன் போட்டிருப்பவர் யார் தெரியுமா? ஊருக்குக் கிளம்பிய தம்பி ஒருவருக்குக் காய்ச்சல் வந்தபோது ராத்திரி பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர்.

தகவல் தெரியாமல் பகிர்ந்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நேரிலோ போனிலோ முதலில் என்னைக் கேட்டிருக்கலாம். நான் அமைதியாக இருந்ததும் தப்புதான், மார்ச்சிலேயே இந்தக் கடிதத்தை எழுதியிருக்க வேண்டும். அதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸ் தொகை ஜூன் தொடங்கி மூன்று தவணையாக வந்துவிடும், திரும்பி வந்து சேருபவர்களுக்கு மாதக் கட்டணம் 600 பெசோ கூடும்.

இந்த ஒரு வருடத்தில் சாப்பிடாமலேயே மாதம் ஐநூறு, ஆயிரம் என்று அனுப்பி, ‘அண்ணா, மெஸ்ஸை மூடிவிடாதீர்கள்’ என்று எழுதிய ஒன்பது பேரை நான் மறக்கவே மாட்டேன். உங்கள் பணத்தில்தான் இரண்டு மாத வாடகை கட்டினேன். பேர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், அதனால் போடவில்லை. போன் செய்து ‘ஆத்தேவிடம் கொடுங்கள்’ என்று கேட்டுப் பேசுபவர்களுக்கும் நன்றி. நீங்கள் சொல்லிக்கொடுத்த ‘சாப்டியா’ அவருக்கு இப்போது சுத்தமாக வருகிறது.

அப்புறம், நீங்கள் மாடியில் வைத்துவிட்டுப் போன பெட்டிகள் பத்திரமாக இருக்கின்றன. மொத்தம் 43. மழைக்கு முன்னால் எல்லாவற்றையும் பலகை மேல் தூக்கி வைத்துவிட்டோம். அதில் மூன்று குக்கருக்கும் ஒரு அனாடமி புத்தகக் கட்டுக்கும் பெயர் அழிந்துபோய்விட்டது. உங்களுடையதாக இருந்தால் சொல்லுங்கள், எழுதி ஒட்டி வைக்கிறோம்.

அன்புடன்,
மெஸ் அண்ணன்