தண்ணீர்த் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பார்ந்த அங்கத்தவர்களுக்கு வணக்கம்.

நம் கோயிலின் மழைநீர்த் தாங்கி, கால் கழுவுமிடம், நந்தவனம் மூன்றின் வேலையும் சென்ற புரட்டாதியிலேயே முடிந்துவிட்டது. மாரியில் தாங்கி நிரம்பினால் மட்டும் போதாது, சோளகக் காற்று அடிக்கும் ஆடியையும் தாண்டுகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுவோம் என்று சபை காத்திருந்தது. தாண்டிவிட்டது.

வர்ணப்பூச்சைத் தள்ளிவைத்துத் தண்ணீருக்குக் காசு போடுவதா என்று கூட்டத்தில் சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இரணைமடுக் குளத்து வாய்க்கால் எட்டாத மேட்டுக்காணி நம்முடையது. கோயில் கிணற்றில் ஆனியிலேயே அடி தெரியும். ஆடிச் செவ்வாய்க்குப் பொங்கல் பானையோடு தண்ணீர்ப் பவுசரைப் பார்த்து நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். வன்னிக்கு மழை வராமல் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டுகிறது, கொட்டியதெல்லாம் ஓடிப்போகிறது.

அன்னதான மடத்துக் கூரை 100 சதுர மீற்றர். ஒரு மில்லிமீற்றர் மழைக்குச் சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர் விழும். சிதறுவது போக ஐந்தில் நாலு பங்கு பிடிபட்டாலும் 125 மில்லிமீற்றர் மழையில் 10,000 லீற்றர் தாங்கி நிரம்பிவிடும். கூரைத் தண்ணீரைத் தாங்கிக்குக் கொண்டுபோகும் பீலியைப் பூட்டியவர் வாட்டத்தை மறுபக்கமாக வைத்துவிட்டதால் முதல் மழை முழுவதும் சுவரில் வழிந்தது. கழற்றித் திரும்பப் பூட்டினோம். அப்புறம் வந்த முதல் வாளி தேயிலைச் சாயம் போல இருந்தது. வேப்பஞ் சருகும் காக்கை எச்சமும் மிதந்தன. ஆகவே கூரையைக் கழுவிவரும் முதல் தண்ணீரை வெளியே விட ஒரு தனிக் குழாய் வைத்தோம். தாங்கியின் வாயில் நுளம்பு வலை கட்டியிருக்கிறது. பிள்ளைகள் அதைக் கிழிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாசலில் சேறாகக் கிடந்த கால் கழுவும் தண்ணீர் இப்போது வாழைக்குப் போகிறது. சவர்க்காரம் படாததால் நேரே விடலாம். மடைப்பள்ளித் தண்ணீரில் எண்ணெய் இருக்கும். அது சல்லியும் கரியும் போட்ட குழியில் வடிந்து தென்னைக்குப் போகிறது.

செலவே இல்லாத வேலைதான் அதிகம் பலன் தந்தது. வீதி கூட்டிய சருகை முன்பு பின்னேரத்தில் கொளுத்துவோம். இந்த வருடம் நந்தியாவட்டைக்கும் செவ்வரத்தைக்கும் அடியில் ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பினோம். ஆடி வெயிலில் சருகை விலக்கி விரலை விட்டுப் பாருங்கள் என்று ஐயர் கூப்பிட்டுக் காட்டினார். மேலே நொறுங்கியது, கீழே மண் கறுப்பாகக் குளிர்ந்திருந்தது. தினமும் ஊற்றிய பூமரங்களுக்கு இப்போது மூன்று நாளுக்கு ஒருமுறை, அதுவும் வெயில் சாய்ந்த பிறகு. தென்னையைச் சுற்றி ஆறடி தள்ளிக் குழி வெட்டி, தேங்காய்ப் பொச்சுமட்டையை உட்குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி மூடினோம். ஊறிய மட்டை மாரித் தண்ணீரைக் கோடையிலும் விட்டுக் கொடுக்கும். உங்கள் வளவிலும் இதைச் செய்யலாம். மட்டையை அடுப்புக்கு மட்டும் வைத்திருக்காதீர்கள்.

வடக்கு வீதிக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நொடிக்கு ஒரு சொட்டென்றால் நாளுக்கு 20 லீற்றர் அளவில் போகும். றப்பர் வாசர் மாற்றப் பத்து நிமிடமும் ஆகவில்லை. வீட்டுக் குழாய்களையும் இன்றிரவே ஒருமுறை பாருங்கள்.

வரவு செலவு விபரம் பற்றுச்சீட்டுகளோடு மடத்து அறிவித்தல் பலகையில் இருக்கிறது. சிரமதானத்துக்கு வந்த இளைஞர்களுக்கும், சீமெந்தும் கம்பியும் தந்த உபயகாரர்களுக்கும் சபையின் நன்றி.

பீலியின் கிழக்கு மூட்டு இன்னும் கசிகிறது. ஐப்பசி மழைக்கு முன் பூட்ட வேண்டும். ஏணி உள்ளவர்கள் வரும் ஞாயிறு காலை கொண்டுவாருங்கள்.

இங்ஙனம்,
திருப்பணிச் சபையினர்