படத்தின் பின்பக்கத்தையும் காட்டுங்கள்: பழைய ரயில் படங்களைக் காப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ரயில்வே பாரம்பரியப் பிரிவினருக்கும், அருங்காட்சியகக் காப்பாளர்களுக்கும், ஆவணக் காப்பகங்களில் வேலை பார்ப்பவர்களுக்கும் வணக்கம். பாக் நீரிணையின் இரண்டு கரையிலும் இருக்கிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு படம் இருக்கிறது. தாத்தா கோட்டு போட்டு, வேட்டி கட்டி, ஒரு டிரங்குப் பெட்டிமேல் கை வைத்தபடி நிற்கிறார். பக்கத்தில் இன்னும் இரண்டு பேர். பின்னால் ஒரு ரயில் பெட்டியின் கடைசி முகம் தெரிகிறது. எங்கள் வீட்டில் அதைத் 'தனுஷ்கோடி படம்' என்றுதான் சொல்வோம். கொழும்புக்குப் போனபோது, கப்பலைப் பிடிக்கப் போகிறவர்களுக்கான 'போட் மெயில்' ரயிலில் இருந்து இறங்கி எடுத்தது என்று பாட்டி சொல்லுவார். நாற்பது வருடம் அது தனுஷ்கோடியாகவே இருந்தது.

ராமேஸ்வரத்தில் ஓய்வு பெற்ற ஒரு கேங்மேனிடம் (தண்டவாளப் பராமரிப்புத் தொழிலாளி) அதைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படத்தை முகத்துக்கு அருகே கொண்டு போனார். தாத்தாவை அவர் பார்க்கவே இல்லை. பெட்டியின் முகத்தில் விரலை வைத்தார். "இது நம்ம வண்டி இல்ல தம்பி. நம்ம வண்டிக்கு நடுவுல ஒரே மூக்குதான். இதுக்கு ரெண்டு பக்கமும் இருக்கு பாருங்க" என்றார்.

அவர் சொன்னது பஃபரை, அதாவது பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டும்போது அதிர்ச்சியைத் தாங்கும் உறுப்பை. தனுஷ்கோடிக்கு ஓடியது மீட்டர் கேஜ் வண்டி, அதாவது தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்தான். அதன் பெட்டிகளில் நடுவில் ஒரே பஃபர், பெட்டிகளை இணைக்கும் கப்ளிங்கும் அதுவேதான். இலங்கையின் பாதை அகலப்பாதை. அங்கே அந்தக் காலப் பெட்டிகளுக்கு இரண்டு ஓரத்திலும் பஃபர், நடுவில் திருகு கப்ளிங். ஆக, தாத்தா நின்றது கடலுக்கு அந்தப் பக்கம், தலைமன்னார் இறங்குதுறையில். வீட்டுக்கு வந்து சட்டத்தைக் கழற்றினேன். படத்தின் பின்பக்கத்தில் ஸ்டூடியோ முத்திரை ஒன்று பாதி அழிந்து கிடந்தது. மிச்சம் இருந்தது 'மன்' என்ற இரண்டு எழுத்து. மன்னார் என்றுதான் இருந்திருக்க வேண்டும்.

உங்களிடம் நான் கேட்க வருவது இதைத்தான். உங்கள் அலமாரிகளில் இருக்கிற படங்களுக்கு இடம் எழுதுங்கள். எப்படித் தெரிந்தது என்பதையும் எழுதுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதிவிட்டு, தெரிந்தவர்களிடம் எடுத்துக்கொண்டு போங்கள். அவர்கள் இருக்கும்போதே போங்கள்.

மற்ற ஊர்ப் படங்களுக்கு இவ்வளவு அவசரம் இல்லை. ஒரு படம் விழுப்புரமா விருத்தாசலமா என்று சந்தேகம் வந்தால் நேரே போய் நின்று பார்த்துக்கொள்ளலாம். தனுஷ்கோடியில் அது முடியாது. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் ஊரையும் தண்டவாளத்தையும், பாம்பனில் இருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையும் கொண்டுபோய்விட்டது. பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள். ஆனால் தனுஷ்கோடிக்கு அப்புறம் ரயில் போகவே இல்லை. அந்தப் பக்கம் தலைமன்னார் பாதை போரில் அழிந்து, திரும்பப் போடப்பட்டு, 2015 மார்ச்சில்தான் மறுபடி ரயில் ஓடியது. இரண்டு முனையிலும் பழைய இடம் பழையபடி இல்லை. படங்கள்தான் மிச்சம். அவற்றில் தப்பாக எழுதி வைத்தால் ஒப்பிட்டுத் திருத்த வேறு எதுவும் கிடையாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு கண்காட்சியில் 'தனுஷ்கோடி, 1914' என்று எழுதி ஒரு கப்பல் படத்தை மாட்டியிருந்தார்கள். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்து, எழும்பூரில் எடுத்த ஒரே டிக்கெட்டில் கொழும்பு கோட்டை வரை போக வழி பிறந்தது. அதனால் அந்த வருடத்தைப் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. கிட்டே போய்ப் பார்த்தேன். கப்பலின் முன்பகுதியில் 'இர்வின்' என்ற பெயர் தெளிவாக இருந்தது. இந்தத் தடத்தில் ஓடிய இர்வின், கோஷன் என்ற இரண்டு கப்பலுக்கும் வைத்தது அன்றைய ஆட்சியாளர்களின் பெயர்கள். கோஷன் சென்னை மாகாண ஆளுநராக வந்தது 1924-ல். இர்வின் வைஸ்ராயாக வந்தது 1926-ல். அந்தப் பெயரோடு ஒரு கப்பல் 1914-ல் நின்றிருக்க வழியே இல்லை. அங்கிருந்தவரிடம் சொன்னேன். ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். இப்போது அதே படம் அதே 1914-உடன் எல்லோருடைய கைப்பேசியிலும் சுற்றுகிறது. ஒரு நிறுவனத்தின் சுவரில் தொங்கிய எழுத்துக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு வற்புறுத்திக் கேட்கிறேன்.

படத்தைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் பெரிய வித்தை இல்லை. அகலப்பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே 1,676 மில்லிமீட்டர் இடைவெளி, கிட்டத்தட்ட ஒரு ஆள் உயரம். அதாவது ஒருவர் குறுக்கே நீட்டிப் படுக்கலாம். மீட்டர் கேஜில் அவருக்கு இடுப்பு வரைதான் இடம். படத்தில் தண்டவாளத்துக்கு அருகே ஒரு ஆள் நின்றால் போதும், மனதுக்குள் அவரைப் படுக்க வைத்துப் பார்த்தால் எந்தக் கரை என்று பிடிபட்டுவிடும். பெயர்ப்பலகையின் ஓரம் கொஞ்சம் தெரிந்தாலும் சரி, இந்தி இருந்தால் இந்தப் பக்கம், சிங்களம் இருந்தால் அந்தப் பக்கம். வைபி வகை நீராவி இன்ஜின் நின்றால் படம் சுதந்திரத்துக்குப் பிந்தியது. பாம்பனில் நடுப்பகுதி இரண்டு கை விரித்தது போலப் பிளந்து எழுந்தால் பழைய பாலம். லிஃப்ட் மாதிரி அப்படியே நேராக மேலே போனால் 2025-ல் திறந்த புதுப் பாலம்.

இன்னொரு தப்பும் அடிக்கடி நடக்கிறது. போட் மெயில் என்றாலே தனுஷ்கோடி என்று எழுதிவிடுகிறார்கள். 1914-க்கு முன்னால் அந்த வண்டி போனது தூத்துக்குடிக்கு. அங்கே கரையோரம் ஆழம் இல்லாததால் பெரிய கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், பயணிகள் சின்னப் படகில் போய் ஏறுவார்கள். எனவே ரயிலும் கடல் கடக்கும் கப்பலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற படம் தூத்துக்குடியாக இருப்பது அரிது. கடற்கரையில் பெட்டி படுக்கையோடு ஆட்கள் படகுக்குக் காத்திருக்கிற பழைய படத்தைத் தனுஷ்கோடி என்று எழுதும் முன் இரண்டு முறை யோசியுங்கள்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். எனக்கு முக்கியமான காரணம் ரயில் ஆர்வம் இல்லை. இந்த வழியாகப் போனவர்களில் பெரும்பாலோர் என் தாத்தா மாதிரி கோட்டு போட்டவர்கள் இல்லை. தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலித் தொழிலாளர்கள். மண்டபம் முகாமில் நிறுத்தி வைக்கப்பட்டு, மருத்துவப் பரிசோதனை முடிந்து கப்பல் ஏறியவர்கள். அப்புறம் 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. இரண்டே மாதத்தில் புயல். ஆகவே அந்த ஒப்பந்தப்படி திரும்பி வந்த குடும்பங்கள் தனுஷ்கோடியில் இறங்கவில்லை. தலைமன்னாரில் 'இராமானுஜம்' கப்பலில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். போர் மூண்டு 1980-களில் கப்பல் நிற்கும் வரை அதுதான் வழி.

அவர்களுடைய பேரப் பிள்ளைகள் இன்று நீலகிரியில் இருக்கிறார்கள், கொடைக்கானல் மலையில் இருக்கிறார்கள், திருச்சியில் இருக்கிறார்கள். மூட்டையோடு ஒரு பெண் நடைமேடையில் உட்கார்ந்திருக்கிற படத்தைப் பார்த்து, நம் பாட்டி இறங்கிய இடம் இதுதானா என்று கேட்கிறார்கள். அவள் கிளம்பிய இடமா, வந்து சேர்ந்த இடமா என்பது அவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. பிறந்த மண்ணைக் கடைசியாகப் பார்த்த நிமிடமா, யாரையும் தெரியாத ஊரில் முதல் நிமிடமா என்பது அந்த ஒரு வரியில் இருக்கிறது.

எனவே செய்யக் கூடிய சிலவற்றைச் சொல்கிறேன். படங்களை ஸ்கேன் செய்யும்போது பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். முத்திரை, பென்சில் குறிப்பு, தேதி எல்லாம் அங்கேதான் இருக்கும். தடித்த அட்டையில் பசை போட்டு ஒட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். ஓரத்தை வெட்டாதீர்கள். தண்டவாளமும் பஃபரும் பெரும்பாலும் ஓரத்தில்தான் மாட்டியிருக்கும், ஆள் முகம் பெரிதாகத் தெரியட்டும் என்று வெட்டும்போது முதலில் போவது அவைதான். யூகமாக எழுதினால் யூகம் என்று குறியுங்கள்.

அப்புறம், படங்களைப் பெரிய அளவில் அச்சடித்து ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் மூன்று இடத்திலும், அந்தக் கரையில் தலைமன்னாரிலும் மன்னாரிலும் ஒரு நாள் உட்காருங்கள். புயல் அடித்தபோது 15 வயதாக இருந்தவர்கள் இன்று 75-ஐத் தாண்டியிருப்பார்கள். மீனவர்கள், பாரம் தூக்கியவர்கள், கலாசிகள், டீக்கடை போட்டிருந்தவர்கள் என யார் வந்தாலும் படத்தைக் கையில் கொடுத்து, சொல்வதை அப்படியே பதிவு செய்யுங்கள். இந்தியக் கரைப் படத்தை இலங்கைக் கரையிலும், அங்குள்ளதை இங்கும் காட்டுங்கள். 2023-ல் இருந்து நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் வந்து போகிறது. இரண்டு ஊரிலும் ரயில் நிலையம் இருக்கிறது. ஒரு பெட்டி படங்களை அந்தக் கப்பலிலேயே கொண்டு போகலாம்.

எங்கள் வீட்டுப் படத்தை முன்னும் பின்னும் உங்களுக்குத் தரத் தயாராக இருக்கிறேன். அதில் தாத்தாவுக்கு இடது பக்கம் தொப்பி வைத்துக்கொண்டு ஒருவர் நிற்கிறார். அவர் யார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. தலைமன்னாரில் யாராவது சொல்லக்கூடும்.

அன்புடன்,
போட் மெயில் பயணி ஒருவரின் பேரன்