பேச்சு நின்றுபோன பொம்மைகள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளோடு பேசிப் பழகும் ரோபோ பொம்மைகள் இப்போது நம் செங்கோட்டைக் கடைக்கு நிறைய பழுதுக்கு வருகின்றன. தென்காசிப் பக்கமிருந்தும், புளியரை தாண்டி ஆரியங்காவு, தென்மலை, புனலூரிலிருந்தும் கொண்டுவருகிறீர்கள். பெரும்பாலும் வளைகுடாவில் வேலை பார்க்கும் அப்பாவோ மாமாவோ வாங்கி வந்தவை. "நேத்து வரை நல்லா பேசிச்சு, இன்னைக்கு வாயே திறக்கல" என்றுதான் எல்லோரும் சொல்கிறீர்கள். எது எங்களால் முடியும், எது முடியாது, ஏன் முடியாது என்று விளக்கவே இந்த மடல்.

பேட்டரி உப்பியிருந்தால் மாற்றித் தருவோம். கழுத்தைத் திருப்பும் மோட்டாரில் பல்சக்கரம் தேய்ந்திருந்தாலும், ஸ்பீக்கர் கிழிந்திருந்தாலும் சரிசெய்யலாம். சாரல் காலத்தில் சார்ஜ் ஏறும் பின்னில் பச்சை பிடிப்பது நம் ஊர்ப் பக்கம் சகஜம். சுத்தம் செய்தால் போதும். வீட்டில் ரவுட்டர் மாற்றிய பிறகு பேச்சு நின்றிருந்தால் கடைக்கு வரவே வேண்டாம், போன் செய்யுங்கள். பல பொம்மைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசையில் வரும் வைஃபையில் மட்டுமே சேரும்.

எங்கள் கைக்கு எட்டாத பழுது வேறு. இந்தப் பொம்மைகளில் பலவற்றுக்குப் பேச்சு உடம்புக்குள் இல்லை. பிள்ளை சொல்வதை மைக் வாங்கி, இணையம் வழியாகக் கம்பெனியின் சர்வருக்கு, அதாவது தூரத்தில் இருக்கும் அவர்களுடைய கணினிக்கு, அனுப்புகிறது. பதில் அங்கே தயாராகித் திரும்பி வருகிறது. பிள்ளையின் பெயர், அதற்குப் பிடித்த கதை, இருட்டுக்குப் பயம் என்று சொன்னது, எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கம்பெனி சர்வரை நிறுத்திவிட்டால், உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டில் ஒரு குறையும் இல்லாமலே பொம்மை ஊமையாகிவிடும்.

ஆரியங்காவிலிருந்து ஒரு தாத்தா பேத்தியைக் கூட்டிக்கொண்டு அப்படி ஒரு பொம்மையோடு வந்தார். மேசையில் வைத்து ஆன் செய்தோம். கண் திறந்தது. பேத்தி மேசையின் அந்தப் பக்கம் போனாள், பொம்மையின் தலையும் அவள் பின்னாலேயே திரும்பியது. இந்தப் பக்கம் வந்தாள், திரும்பவும் அவளையே பார்த்தது. முகத்தைத் தேடும் வேலையை அதன் சொந்தப் போர்டே செய்துகொள்கிறது, அதற்குச் சர்வர் தேவையில்லை. "என்னையத் தெரியுது தாத்தா, ஏன் பேச மாட்டேங்குது? கோபமா?" என்று கேட்டாள். தாத்தா எங்களைப் பார்த்தார். அன்று அந்தக் குழந்தைக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறோம்: "கோபம் இல்ல பாப்பா. அதுக்குப் பேச்சு அனுப்புற ஆபீஸை மூடிட்டாங்க. நீ ஒண்ணும் தப்பு பண்ணல."

கடைசி வாக்கியத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். தன்னால்தான் கெட்டது என்று நினைத்துக்கொள்கிற பிள்ளைகளை நாங்கள் கடையிலேயே பார்க்கிறோம். ராத்திரியோடு ராத்திரியாகப் பொம்மையை எடுத்து மறைப்பதும், அதே மாதிரி இன்னொன்றை வாங்கி வைத்துச் சமாளிப்பதும் வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். ஒரே கதையைப் பத்தாவது தடவையும் சலிக்காமல் சொன்ன துணை அது. விடைபெற்றுக்கொள்ள பிள்ளைக்கு ஒரு நாளாவது கொடுங்கள்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் எம்பாடிட் என்ற கம்பெனி 5 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்காக மாக்ஸி என்ற ரோபோவை 799 டாலருக்கு விற்றது. முதலீடு கைவிட்டுப் போனதால் கம்பெனியை மூடுவதாக 2024 டிசம்பரில் அறிவித்தது. பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று பெற்றோருக்கு ஒரு கடிதமும் அனுப்பியது. பிறகு, வீட்டுக் கணினியிலிருந்தே அதை இயக்க யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒரு திறந்த மென்பொருளையும் வெளியிட்டார்கள். கடையை மூடும்போதும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன அந்தச் செயலை நாங்கள் மதிக்கிறோம். எல்லாக் கம்பெனிகளும் அப்படிச் செய்ய வேண்டும்.

ஜப்பானில் சோனி கம்பெனியின் ஐபோ என்ற ரோபோ நாய்க்குட்டியின் கதை இதற்கு நேர்மாறு. 1999இல் வந்தது, 2006இல் தயாரிப்பு நின்றது, 2014இல் கம்பெனி பழுதுபார்ப்பதையும் நிறுத்தியது. ஆனால் அந்த நாயின் மூளை அதன் உடம்புக்குள்ளேயே இருந்ததால், சோனியில் முன்பு வேலை பார்த்தவர்கள் தனியாகக் கடை போட்டு அவற்றைப் பிழைக்கவைத்தார்கள். இனி ஓடாது என்றானவற்றுக்கு சிபா மாவட்டத்தில் ஒரு புத்தர் கோயிலில் பூசை செய்து வழியனுப்பி, அவற்றின் உறுப்புகளை மற்ற நாய்களுக்குப் பொருத்தினார்கள். அந்த மாதிரி பொம்மை என்றால் எங்களைப் போன்ற சின்னக் கடைகூட வருஷக்கணக்கில் ஓடவைக்கும்.

ஆகவே, இணையம் இல்லாமல் ஒன்றுமே பேசாத பொம்மையை இனி நம் கடையில் விற்பதில்லை. வெளியில் வாங்குவதாக இருந்தால், வைஃபையை அணைத்துவிட்டு அது என்னென்ன செய்கிறது என்று கடைக்காரரிடமே காட்டச் சொல்லுங்கள். மாதச் சந்தா உண்டா என்பதையும் கேளுங்கள். ஏற்கெனவே வீட்டில் இருந்தால், அது நன்றாகப் பேசும்போதே பிள்ளையோடு சேர்த்து போனில் வீடியோ எடுத்து வையுங்கள். அந்தக் குரலைப் பின்னால் எங்களால் மீட்க முடியாது.

சர்வர் நின்றதுதான் காரணம் என்று தெரிந்தால் பார்த்துச் சொல்வதற்குக் காசு வாங்க மாட்டோம், உடம்பையும் பிரிக்க மாட்டோம். ஞாபகமாக அலமாரியில் வைக்க விரும்பினால் பேட்டரியைப் பாதி சார்ஜில் கழற்றித் தருகிறோம். முழுக்க இறங்கிக் கிடந்தால் செல் கெட்டு உப்பிவிடும். உப்பிய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள், கடையில் கொடுங்கள். வேறு பிள்ளைக்குக் கொடுப்பதானால் முதலில் ஆப்பில் உள்ள கணக்கை அழித்துவிடுங்கள்.

பழுதுக்குக் கொண்டுவரும்போது சார்ஜரையும், ஆப் இருக்கிற போனையும் சேர்த்தே எடுத்து வாருங்கள். பிள்ளையையும் கூட்டி வரலாம். பிரிக்க வேண்டியிருந்தால் அவர்கள் பார்க்க உட்கார்ந்தே பிரித்து மாட்டித் தருவோம்.

இப்படிக்கு,
உங்கள் பழுதுபார்ப்புக் கடையினர்,
செங்கோட்டை