கை கட்டப்பட்டது 1976இல் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

குடியரசுத் தலைவரின் அதிகாரம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அமைச்சரவையின் ஆலோசனைப்படியே அவர் நடக்க வேண்டும் என்று 1976இல் வந்த அரசியல் சட்டத்தின் 42வது திருத்தம்தான் அவர் கையைக் கட்டிப்போட்டது என்கிறது கட்டுரை. எனக்கு அது சரியாகப் படவில்லை. கை கட்டப்பட்டது அதற்கு 25 வருடம் முன்பே. திருத்தம் அதை எழுத்தில் போட்டது, அவ்வளவுதான்.

1950இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். ஒன்றியத்தின் நிர்வாக அதிகாரம் குடியரசுத் தலைவரிடம் இருக்கிறது என்கிறது பிரிவு 53. அவருக்கு உதவவும் ஆலோசனை சொல்லவும் ஓர் அமைச்சரவை இருக்கும் என்கிறது பிரிவு 74. அந்த ஆலோசனைப்படியே நடந்தாக வேண்டும் என்று அன்று ஒரு வரிகூடக் கிடையாது. யாரும் கவனிக்காமல் விட்டதும் இல்லை, 1949 நவம்பர் 26 அன்று அரசியல் நிர்ணய சபையில் தலைவர் ராஜேந்திர பிரசாத்தே இதை வெளிப்படையாகச் சொல்லி, அமைச்சர்கள் சொன்னபடியே இங்கிலாந்து மன்னர் நடக்கும் மரபு இங்கேயும் வேர்விடும் என்ற நம்பிக்கையைத் தெரிவித்தார்.

அப்புறம் குடியரசுத் தலைவர் நாற்காலியில் அவரே உட்கார்ந்தார். 1951 செப்டம்பரில் இந்துக்களின் திருமணம், வாரிசுரிமைச் சட்டங்களை மாற்றும் இந்து சட்டத் தொகுப்பு மசோதாவை அவர் எதிர்த்தார், அந்த விஷயத்தில் தன் சொந்த முடிவுப்படி நடக்க விரும்புவதாக நேருவுக்குக் கடிதம் எழுதினார். நேரு இரண்டு பேரிடம் கருத்துக் கேட்டார். ஒருவர் அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் செதல்வாட், இன்னொருவர் நம் சென்னையின் அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர், சட்ட வரைவுக் குழுவிலேயே இருந்தவர். அமைச்சரவையின் ஆலோசனை குடியரசுத் தலைவரைக் கட்டுப்படுத்தும் என்று இருவருமே சொன்னார்கள். பிரசாத்துக்கு முழுத் திருப்தி வரவில்லை, 1960இல்கூட டெல்லியில் சட்ட அறிஞர்கள் முன்னால் இதே கேள்வியை மறுபடி எழுப்பினார். ஆனால் 1955, 56இல் அந்த மசோதா தனித்தனிச் சட்டங்களாகப் பிரிந்து வந்தபோது, எதிர்த்த அதே மனிதர்தான் ஒப்புதல் கொடுத்தார். என்னைக் கேட்டால், நம் நாட்டில் நிர்வாக அதிகாரம் பிரதமர் பக்கம் உறுதியாக நின்றது அந்தக் கையெழுத்துகளில்தான்.

இன்னொன்று. 1978இல் வந்த 44வது திருத்தம் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை. ஆலோசனையை ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பும் உரிமையை எழுத்தில் தந்தது அதுதான். 1997இல் உத்தரப் பிரதேச ஆட்சியைக் கலைக்கச் சொன்ன பரிந்துரையை அன்றைய குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் அப்படித்தான் திருப்பி அனுப்பினார், அமைச்சரவையும் அதைக் கைவிட்டது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்