குணத்தை வைத்து வாக்கைச் சொல்லலாமா?

ஆசிரியருக்கு, ஆளுமைத் தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டே ஒருவரின் அரசியல் சாய்வைச் சொல்லிவிடலாம் என்ற தங்கள் கட்டுரை கண்டேன். உறவு உண்டு, மிக மெல்லியது. உளவியலார் ஆளுமையை அளக்கும் ஐந்து பெருங்குணங்களில் புதுமை நாட்டம் மிக்கோர் மாற்றத்தையும், கடமையுணர்வு மிக்கோர் மரபையும் சற்றே கூடுதலாக ஆதரிக்கிறார்கள். இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழுவை (உறவே இல்லையெனில் 0, முழு உறவெனில் 1) 0.2 என்றே வைத்தாலும் அதன் வர்க்கம் 0.04, கருத்து வேறுபாட்டில் 4 சதவீதத்துக்குத்தான் அது கணக்குச் சொல்லும். கைதேர்ந்தவர்களே சறுக்கிய துறை இது. 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பொலிட்டிக்கல் சயின்ஸ்' 2012-இல் வெளியிட்ட, குணத்தையும் அரசியலையும் பற்றிய ஆய்வில் விடைகளுக்கு எண் தரும் குறியீடு தலைகீழாகி, முடிவும் தலைகீழானது. திருத்தம் 2016-இல்தான் வந்தது.

இத்தேர்வுகளின் தமிழ் மொழிபெயர்ப்பு அடுத்த சிக்கல். "நான் ஒழுங்கானவன்" என்ற வரியைக் குளச்சலிலோ மார்த்தாண்டத்திலோ நீட்டினால், நடத்தையைப் பற்றிக் கேட்பதாக எண்ணி 1 முதல் 5 வரையான அளவில் எல்லோரும் முழுதும் ஏற்பதாக 5 போடுவார்கள் (யார்தான் 2 போடுவார்?). "எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே வைப்பேன்" என்று கேட்டால்தான் விடைகள் பிரிகின்றன. குமரி மாவட்டக் கல்லூரிகளில் இத்தகைய வினாத்தாள் தருவோர் பாதி வரிகளை எதிர்மறையாக எழுதட்டும். எல்லாவற்றுக்கும் 'ஆம்' போடுபவர் அப்போது அகப்படுவார். தங்கள் நாளிதழும் இத்தகைய செய்திகளோடு கெழுவையும், விடையளித்தோர் எண்ணிக்கையையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

- ஒரு வாசகர், தக்கலை