கடல் தெரியும் மேல்மாடி வாங்குமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் தொடர்மாடி வீடு வாங்குவோர் பலருக்கு உச்சிமாடியில்தான் கண். காற்று, வெளிச்சம், கடல், தலைக்கு மேல் காலடிச் சத்தமின்மை, ஆசை நியாயமானதே. ஆனால் வீட்டை வெயிலில்லாத மாலையில் பார்த்துவிட்டு முற்பணம் கட்டாதீர்கள். பிற்பகல் 3 மணிக்குப் போய்க் கூரைத்தட்டின் அடியில் கையை வைத்துப் பாருங்கள். வெப்பக்காப்பு இல்லாவிட்டால் அந்தச் சூடு இரவிலும் இறங்கும், மின்கட்டணம் ஏறும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒழுக்கு. மொட்டைமாடியில் ஒரு மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றராவது சரிவு வேண்டும். நீர்காப்புப் பூச்சு போட்டபின் வடிகால்களை அடைத்து, 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிச் சோதித்தார்களா என்று கேளுங்கள். தென்மேல் பருவக்காற்று மழையைச் சன்னல் இடுக்குகளுக்குள்ளும் அடிக்கும். உப்புக்காற்று கொங்கிறீற்றுக்குள் புகுந்தால் கம்பி துருப்பிடித்துப் பருக்கும், சீமெந்து வெடித்து உதிரும். பல்கனிக் கைப்பிடிக்கு 304 தரத் துருவேறா எஃகு கடலோரத்தில் போதாது, 316 கேளுங்கள்.

தண்ணீர்த் தாங்கி நேர்மேலே இருப்பதால் அழுத்தம் குறைவு. பத்து மீற்றர் உயரத்துக்கே ஏறத்தாழ ஒரு பார் (bar, அழுத்த அலகு) அழுத்தம்தான் கிடைக்கும். மேல்மாடிக்கு அழுத்தப் பம்பி அவசியம். மின்சாரம் நின்றால் ஜெனரேற்றர் லிப்ற்றையும் அந்தப் பம்பியையும் இயக்குமா என்பதையும் பாருங்கள். வயதானவர்கள் உள்ள வீட்டுக்கு இது மிக முக்கியம்.

மொட்டைமாடி பொதுச்சொத்தா, பழுதுச் செலவு யாருடையது என்பதைப் பதிவுசெய்த கூட்டாதன (condominium) வரைபடத்தில் சட்டத்தரணியைக் கொண்டு பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை