"பதிவு இல்லை" என்பதோடு இன்னும் ஒரு வரி எழுதுங்கள்

சென்னைத் தேவாலயங்களில் பழைய பதிவேடுகளைக் காத்துவரும் பங்குத்தந்தையர்க்கும், குருவானவர்களுக்கும், ஆலய அலுவலகப் பணியாளர்களுக்கும் வணக்கம்.

பூட்டன், பூட்டியின் திருமணப் பதிவைத் தேடி உங்கள் அலுவலகத்துக்கு ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். சிலருக்கு வாரிசு வழக்கு, சிலருக்கு வெளிநாட்டுக் குடியுரிமை விண்ணப்பம், பலருக்குத் தம் குடும்பத்தின் வேர் தெரிய வேண்டும் என்ற ஆசை. பெரும்பாலோருக்குக் கிடைப்பது "பதிவு இல்லை" என்ற ஒற்றை வரி. எந்தப் புத்தகத்தில், எந்த ஆண்டு தொடங்கி எந்த ஆண்டு வரை பார்த்தீர்கள் என்பதை அதோடு சேர்த்து எழுதுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

இந்துக் குடும்பங்களில் 1955க்கு முந்தைய கல்யாணத்துக்குப் பெரும்பாலும் பதிவேடே கிடையாது. கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு, சொத்துப் பத்திரம் என்றுதான் சுற்றிவளைத்துத் தேட வேண்டும். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அந்த நிலை இல்லை. கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயத்தில் 1680இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி எலிஹு யேல் செய்துகொண்ட திருமணம் இன்றும் ஏட்டில் இருக்கிறது. ஆகவே ஒரு பதிவு அகப்படவில்லை என்றால், அது அழிந்துபோனது என்று முடிவு கட்டுவதற்கு முன் வேறு புத்தகத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதே முறை.

வேறு புத்தகத்துக்கு அது எப்படிப் போகும்? முதல் காரணம் இந்த நகரத்தின் திருச்சபை வரலாறு. கத்தோலிக்கத்தில் 1952 வரை இங்கே இரண்டு ஆட்சி எல்லைகள் இருந்தன. சாந்தோமைத் தலைமையாகக் கொண்ட மயிலாப்பூர் மறைமாவட்டம் போர்ச்சுகீசிய ஆதரவில் வந்தது. அர்மேனியன் தெருவின் புனித மரியன்னை ஆலயத்தைத் தலைமையாகக் கொண்ட சென்னை உயர்மறைமாவட்டம் உரோமையின் நேரடிப் பொறுப்பில் இருந்தது. ஒரே பகுதியில் வாழ்ந்த இரண்டு குடும்பங்களின் பதிவுகள் இரண்டு தனித்தனி வரிசைகளில் இருக்கலாம். சீர்திருத்த சபைகளிலும் இப்படித்தான். 1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபை உருவாகும் முன் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளுக்குத் தனித்தனிப் புத்தகங்கள். இன்று எல்லாம் ஒரே பேராயம் என்பதால் புத்தகங்களும் ஒன்றாகிவிட்டன என்று தேடுகிறவர் நினைக்கிறார். இன்னொன்று, பங்குகள், அதாவது ஒவ்வொரு கோயிலின் பொறுப்பிலும் உள்ள பகுதிகள், பிரிந்தது. அண்ணா நகர் 1968 வர்த்தகப் பொருட்காட்சிக்குப் பிறகே வளர்ந்த பகுதி. 1930இல் அங்கே கிராமமாக இருந்த நடுவக்கரையில் வாழ்ந்தவரின் பதிவை அங்கே இன்றிருக்கும் கோயிலில் கேட்டுப் பயனில்லை. எந்தத் தாய்ப்பங்கிலிருந்து தங்கள் பங்கு பிரிந்தது, எந்த ஆண்டு பிரிந்தது என்ற விவரத்தை அலுவலகச் சுவரில் ஒரு தாளில் ஒட்டி வைத்தாலே பாதி அலைச்சல் குறையும்.

இரண்டாவது காரணம் பெண் வீடு. கத்தோலிக்க முறைப்படி திருமணம் வழக்கமாக மணமகளின் பங்கில்தான் நடக்கும். ஆனால் வருகிறவர்கள் தந்தை வழிப் பெயரை வைத்துக்கொண்டு மணமகனின் பங்கிலேயே தேடச் சொல்கிறார்கள். மணமகளின் ஊர் தெரியாவிட்டால் மூத்த பிள்ளையின் ஞானஸ்நானப் பதிவைப் பார்க்கச் சொல்லுங்கள். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். அந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயில்தான் பெரும்பாலும் தாயின் பங்கு.

இதைவிடச் சிறந்த வழி ஒன்று உங்கள் பீரோவிலேயே இருக்கிறது. திருமணம் பற்றி உரோமை பிறப்பித்து 1908இல் நடைமுறைக்கு வந்த 'நே தெமெரே' ஆணைக்குப் பிறகு, கத்தோலிக்கர் ஒருவரின் திருமணம் எங்கே, எந்த நாளில் நடந்தது என்ற குறிப்பை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலும் எழுத வேண்டும். திருமணப் பதிவேட்டைப் புரட்டுவதற்கு முன் அந்த ஓரக்குறிப்பைப் பாருங்கள். அதில் வேறு ஊர்க் கோயிலின் பெயர் இருந்தால் தேடுகிறவரின் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. ஞானஸ்நானச் சான்றிதழின் நகல் எழுதும்போது ஓரக்குறிப்பை விட்டுவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. தயவுசெய்து அதையும் எழுதுங்கள். எங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் அந்த ஓரம்தான்.

பெயர் இன்னொரு சிக்கல். இலத்தீனில் எழுதிய ஏடுகளில் இராயப்பன் 'பெத்ருஸ்' ஆகவும், சின்னப்பன் 'பவுலுஸ்' ஆகவும், அருளப்பன் 'யொவான்னெஸ்' ஆகவும், ஞானப்பிரகாசம் 'அலோய்சியுஸ்' ஆகவும் இருப்பார்கள். தந்தை பெயர் வேற்றுமை உருபு ஏற்று வரும்: 'பெத்ரி' என்றால் பெத்ருஸின் பிள்ளை. வீட்டில் வழங்கிய தமிழ்ப் பெயரை மட்டும் வைத்து அகரவரிசையைப் பார்த்தால் எதுவும் தெரியாது. வருகிறவரிடம் ஞானஸ்நானப் பெயர், வீட்டுப் பெயர் இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

ஆண்டைக் கணிப்பதிலும் கவனம் வேண்டும். மூத்த பிள்ளை பிறந்த ஆண்டிலிருந்து பின்னோக்கி ஐந்து ஆண்டு பார்ப்பது நல்ல தொடக்கம். ஆனால் குடும்பமாக மதம் மாறியவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் கல்யாணம் ஊர் வழக்கப்படி முன்பே நடந்திருக்கும். கோயிலில் அதைச் சீர்படுத்திய பதிவு பிள்ளைகள் பிறந்து பல ஆண்டுகள் கழித்து இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று உறவுக்குள் மணந்தவர்களுக்கு மறைமாவட்ட அலுவலகத்தில் விதிவிலக்கு அனுமதி வாங்கியிருப்பார்கள். பதிவேட்டில் அந்த அனுமதிக் குறிப்பு இருந்தால் விடாமல் நகல் எடுத்துக் கொடுங்கள். மணமக்கள் என்ன உறவு என்பது வேறெங்கும் எழுதப்பட்டிராது.

தேடுவதற்கு இடம் கொடுப்பது உங்கள் தயவு மட்டுமல்ல. 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் 79ஆம் பிரிவு, உரிய கட்டணம் பெற்றுக்கொண்டு நியாயமான நேரத்தில் திருமணப் பதிவேட்டில் தேட அனுமதிக்கவும், பதிவின் நகல் தரவும் சொல்கிறது. கத்தோலிக்கத் திருமணங்களின் விவரத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும் என்று 30ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் ஏடு நைந்துபோயிருந்தால் இந்த அரசுப் பிரதியைத் தேடும்படி வருகிறவருக்குச் சொல்லுங்கள். இலண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் சென்னை மாகாணத்தின் திருச்சபைப் பதிவுப் பிரதிகள் 'என்/2' என்ற வரிசையில் உள்ளன. அவை பெரும்பாலும் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் உரியவை. தமிழ்க் குடும்பங்கள் அங்கே பணம் செலவழிக்கும் முன் இதை அறிந்திருப்பது நல்லது.

ஏடுகளின் நிலை பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கிழிந்த பக்கத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசை மஞ்சளாகி எழுத்தையும் எடுத்துக்கொண்டு போகும். லேமினேஷனும் வேண்டாம். ஜெராக்ஸ் கண்ணாடியில் கவிழ்த்து அழுத்தினால் பைண்டிங் உடையும். சன்னல் வெளிச்சத்தில், மேலிருந்து, கைபேசியில் படம் எடுப்பதே போதும். முதலில் அட்டை, பிறகு வரிசையாக ஒவ்வொரு பக்கமும். கோப்பின் பெயரில் புத்தக எண்ணும் பக்க எண்ணும் இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும் தரைத்தளத்தில் பதிவேடு வைத்திருக்கும் அலுவலகங்கள் அவற்றை மாடிக்கு ஏற்றிவிடுங்கள்.

உயிரோடு இருப்பவர்களின் விவரம் வெளியே போகக் கூடாது என்ற உங்கள் தயக்கம் நியாயமானது. நூறு ஆண்டு கடந்த பக்கங்களை எல்லோருக்கும் காட்டலாம். அதற்குப் பிந்தியவற்றை நேரடி வாரிசு என்று காட்டுபவருக்கு மட்டும், ஞாயிறு பூசை நேரம் தவிர்த்து, அலுவலர் முன்னிலையில் காட்டலாம். தேடுகிறவர்கள் ஞானஸ்நானப் பெயர், பெற்றோர் பெயர், உத்தேச ஆண்டு, மணமகளின் ஊர் நான்கையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். அந்தத் தாளின் அடியிலேயே, பார்த்த புத்தக எண்களை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
குடும்ப வரலாறு தேடுவோர்,
சென்னை